துணைக்கால் அழிந்த சீட்டு

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு மேட்ரன் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் மேட்ரன். ஜன்னலை ஒட்டி, நாற்காலியின் நுனியில், கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர். கதவோரம், உட்காரச் சொல்லியும் உட்காராமல், ரயில். அவள் எங்கள் செவிலியர்களில் ஒருத்தி. நடை வேகத்தால் வந்த பெயர் அது. மேசையின் பக்கவாட்டில், எழுதுவதற்கு வாகான இடத்தில், நான். சுவரோரம் ஐந்தாவதாக ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. யாரைப் பற்றிப் பேச நாங்கள் கூடியிருந்தோமோ அவர், இரண்டு கதவு தள்ளி ஏழாம் எண் அறையில், இடது கண்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் மூடியோடு படுத்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

எங்களுடையது முதியவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம். மேல்தளத்தில் இருபத்திரண்டு பேர். தானாக எழுந்து நடக்கவோ, எதிரில் இருப்பவரை அடையாளம் காணவோ முடியாதவர்கள் கீழ்த்தளத்தில். கீழே போனவர் யாரும் திரும்ப மேலே வந்ததாக என்னுடைய பதினோரு வருடத்தில் பதிவு இல்லை. அதனால் மேலே இருப்பவர்கள் "கீழே" என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

நான் மூத்த செவிலியர். மேலே இருப்பவர்களுக்காக அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் என் வேலையாகிப் போனதால், கடுதாசி அக்கா என்று பெயர். எழுதுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. முதலில் சாதாரணத் தாளில் கரடு எழுதுவேன். யாருக்காக எழுதினேனோ அவரிடம் உரக்கப் படித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் நல்ல தாளில் ஏற்றுவேன். இந்த முறையை நான் எங்கள் சிற்றூர்ப் பள்ளியில் பழகினேன். ஒரு துணைக்கால் விட்டுப்போனால் அங்கே அரை மதிப்பெண் குறைப்பார்கள். அன்றைக்கு அது அநியாயமாகத் தெரிந்தது.

ஏழாம் எண் அறைக்காரரை எல்லோரும் மணிக்காரர் என்போம். முப்பத்தெட்டு வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். வலது கண் பத்து வருடத்துக்கு முன்பே போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கண். அதிலும் அழுத்தம் ஏறும் நோய் என்பதால், காலையும் மாலையும் ஒரு சொட்டு மருந்து. போன வாரம் இடது காதிலும் புண் வந்து அடைத்துக்கொண்டது. அதற்கு ஒரு சொட்டு மருந்து, அதுவும் காலையும் மாலையும்.

இரண்டும் ஒரே அளவு வெள்ளைப் பாட்டில். கம்பெனிக்காரன் பெயரை எறும்பு எழுத்தில் போட்டிருப்பான். வெளிச்சம் குறைந்த மாலையில் யாருக்கும் படிக்க முடியாது என்று நான்தான் ஒரு வழி செய்தேன். பெரிய ஒட்டுச்சீட்டில், கறுப்பு மையில், கொட்டை எழுத்தில், இடது கண் என்றால் "இ.க", இடது காது என்றால் "இ.கா". வலதுக்கு "வ.க", "வ.கா". சீட்டைக் கம்பெனிப் பெயரின் மேலேயே ஒட்டினேன். இரண்டு வருடமாக அது ஓடியது. மேட்ரன்கூட ஒருமுறை, "உன் தலையில மூளைக்குப் பஞ்சமில்ல" என்றார்.

தினமும் காலையில் பாட்டில்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும் என்பதும் எங்கள் முறைதான். பாட்டிலை அழுத்திச் சொட்டு விடும்போது பெருவிரல் படும் இடம் சீட்டின் வலது ஓரம். துணைக்கால் நின்றதும் அந்த ஓரத்தில்தான்.

இனி, நடந்ததை நாள் வாரியாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ரயில் விடுப்பு முடிந்து வந்தாள். ஏழாம் அறையின் மருந்துகளை அவளிடம் ஒப்படைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை அறைக்குள் போனபோது ஒரு புளித்த வாடை அடித்தது. தலையணை உறையில் ஈரம். "அழுக்குத் துணியைக் கூடையில போடச் சொல்லுங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனேன்.

எட்டு மணிச் சுற்றில் நான் அவரிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"மணி என்ன?"

கட்டிலுக்கு எதிரே சுவரில் கடிகாரம். முள் தெரிகிறதா என்று பார்ப்பது என் நோக்கம். அது அவருக்கும் தெரியும்.

"எட்டு பத்து. உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்தங்குது. அதுக்கும் வயசாயிடுச்சு, பக்கத்துல ஒரு கட்டில் போட்டுக் கொடுங்க."

செவ்வாய் மாலை ரயில் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டாள். நானே மருந்து போடப் போனேன். தட்டில் இடப்பக்கம் கண் மருந்து, வலப்பக்கம் காது மருந்து. நான் வைக்கும் முறை அது. இடப்பக்கத்துப் பாட்டிலை எடுத்தேன். கீழிமையை இழுத்து, நுனி படாமல் ஒரு சொட்டு. மூக்கோரம் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

"எரியுதும்மா. நேத்துல இருந்தே எரியுது."

"மருந்துன்னா எரியத்தான் செய்யும்."

"இத்தனை வருஷம் எரியலையே. புதுசா கோவம் வந்திருக்கு அதுக்கு."

"உங்க வாயைக் கேட்டா எந்த மருந்துக்கும் கோவம் வரும்."

அவர் சிரித்தார். வலப்பக்கத்துப் பாட்டிலை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து அதையும் விட்டேன். ஐந்து நிமிடம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எல்லாம் முறைப்படி. எழுந்து வரும்போது அந்தப் புளித்த வாடை என் விரல்களிலும் இருந்தது. கை கழுவினேன்.

புதன்கிழமை காலை. "மணி என்ன?" "எட்டு பத்து." மணி எட்டு பத்துதான். ஆனால் கிண்டல் இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியே பதில் சொன்னார். தூக்கம் வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன் காலை உணவு வண்டியின் சக்கரம் ஒன்று கழன்றுவிட்டது. அதைச் சரிசெய்து தள்ளிக்கொண்டு வருவதற்குள் நேரமாயிற்று. வண்டியின் கிறீச் சத்தம் ஏழாம் அறை வாசலில் நிற்க, அதன் பின்னாலேயே நானும் நுழைந்தேன்.

"மணி என்ன?"

"எட்டு பத்து."

நான் சுவரைப் பார்த்தேன். எட்டு முப்பத்தாறு.

நேற்றும் அதற்கு முந்தைய நாளும் அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கியது. வண்டிச் சத்தம் எப்போதும் எட்டு பத்துக்கு வரும். வலது காது அவருக்கு நன்றாகக் கேட்கும். நான் அவர் முகத்துக்கு நேராக இரண்டு விரலை நீட்டினேன்.

"இது எத்தனை?"

"எது?"

குனிந்து பார்த்தேன். கண் முழுவதும் ரத்தச் சிவப்பு. கருவிழியின் மேல், மூச்சுக்காற்று படிந்த கண்ணாடிபோல ஒரு மங்கல்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கீழே அனுப்பிடுவீங்கல்ல" என்றார். குரலில் கிண்டலின் சாயலே இல்லை.

ரயில் தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள், ஏழாவது வேளை மருந்தோடு. அவள் கையிலிருந்து தட்டை வாங்கினேன். பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் "இ.க". மற்றதிலும் "இ.க". இரண்டும் என் கையெழுத்து. இரண்டாவதன் மூடியைத் திறந்து முகர்ந்தேன். அதே புளித்த வாடை. சீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். கீழே எறும்பு எழுத்தில் மருந்தின் பெயர், அடியில் காதுக்கு மட்டும் என்ற எச்சரிக்கை. அமிலம் கலந்த காது மருந்து.

"என்னக்கா?" என்றாள் ரயில்.

"இதை எங்க போட்ட?"

"கண்ணுலதான். ரெண்டும் இ.க.ன்னுதானே இருக்கு. ஒண்ணு போட்டுட்டு, அஞ்சு நிமிஷம் விட்டு இன்னொண்ணு. நீங்க சொல்லிக் கொடுத்த அஞ்சு நிமிஷம்."

"மருந்து நோட்டுல இ.கா.ன்னு இருக்கே?"

"பாட்டில்லயும் உங்க எழுத்து, நோட்டுலயும் உங்க எழுத்து. கையில இருக்கிற பாட்டிலைத்தான் பார்த்தேன்." அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள். "காது சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்க்கா."

அவள் இரண்டையும் கண்ணில் விட்டிருந்தாள். நானோ செவ்வாய் மாலை தட்டில் பாட்டில்கள் இடம் மாறி இருந்ததைக் கவனிக்காமல், காது மருந்தைக் கண்ணிலும் கண் மருந்தைக் காதிலும் விட்டிருந்தேன். நான் எழுதியதை நானே படிக்கவில்லை. மூன்று நாள், ஆறு வேளை.

உப்புநீர் பாட்டிலைக் கம்பியில் தொங்கவிட்டு, குழாய் வழியாக அவர் கண்ணை அரை மணி நேரம் கழுவினோம். தண்ணீர் காதோரம் வழிந்து கழுத்தை நனைத்தது. அவர் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "கடிகாரத்துக்குள்ள தண்ணி போனாக்கூட இவ்வளவு நேரம் கழுவ மாட்டேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் பன்னிரண்டரைக்குத்தான் வந்தார். சாயச் சொட்டு விட்டு, நீல விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியில் பாதிக்கு மேல் பச்சையாக ஒளிர்ந்தது. மேல்தோல் உரிந்த இடமெல்லாம் அப்படித்தான் ஒளிரும். அவர் விளக்கை அணைத்த பிறகும் அந்தப் பச்சை என் கண்ணுக்குள் நின்றது. "இன்னைக்கே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். சீழ் பிடிச்சா இந்தக் கண்ணு நிக்காது" என்றார். நான் வெளியே வந்து மருந்து வண்டியில் இருந்த எல்லாச் சீட்டையும் பிய்த்தேன். பதினான்கு. அவற்றில் மூன்றில் துணைக்கால் பாதி தேய்ந்திருந்தது.

அதனால்தான் இரண்டரை மணிக்கு அந்தக் கூட்டம். நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி. வண்டியோடு ஒரு கடிதம் போக வேண்டும். என்ன நடந்தது என்பதை அதில் எழுதியாக வேண்டும்.

"நோயாளி அடிக்கடி கண்ணைக் கசக்கியதால் ஏற்பட்ட புண்" என்றார் மேட்ரன், ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததைப்போல. "எழுதிக்கோ."

டாக்டர் சாவியை ஆட்டுவதை நிறுத்தினார். "மேடம், அமிலம் பட்டதுன்னா அங்க பார்க்கிற விதமே வேற. கசக்கினதுன்னு போட்டா சாதாரணக் கீறல்னு வரிசையில உட்கார வெச்சிடுவாங்க. நாளைக்குக் காலையிலதான் பார்ப்பாங்க."

"நாளைக்குப் பார்த்தா என்ன?"

"சொல்ல முடியாது."

"அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றாங்க டாக்டர். மூணு நாளா கண்ணுல காது மருந்தை ஊத்தினோம்னு நம்ம தாளிலேயே எழுதிக் கொடுக்கணுமா? முப்பத்தாறு பேர் இங்க இருக்காங்க. கதவைச் சாத்திட்டா எங்க போவாங்க?" அவர் குரல் உயரவில்லை. மேட்ரன் கெட்டவர் அல்ல. கீழ்த்தளத்தில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

டாக்டர் ரயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு மூன்று மணிக்கு வேறு இடத்தில் நோயாளிகள். இல்லத்தின் தாள் ஒன்றை எடுத்து, அடியில் கையெழுத்திட்டு என் பக்கம் நகர்த்தினார். மேலே ஒரு எழுத்துக்கூட இல்லை.

"என்ன எழுதணுமோ எழுதிக்குங்க" என்று எழுந்தார். அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

"நாலு மணிக்குள்ள முடி" என்றார் மேட்ரன் என்னிடம். "அவரோட சாமானைக் கட்டி வைக்கச் சொல்லிட்டேன். திரும்பி வந்தா கீழேதான். கண்ணு தெரியாதவரை மேல வெச்சுக்க முடியாது."

வந்தால் என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

மருந்து அறையின் சிறிய மேசையில் உட்கார்ந்து கரடு எழுதினேன். மேட்ரன் சொன்ன வார்த்தை அப்படியே. எழுத்து அழகாக விழுந்தது. ரயில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்தி. அந்த வாக்கியம் அவளைக் காப்பாற்றும். என்னையும் காப்பாற்றும்.

பிறகு, பழக்கத்தால், கரடை எடுத்துக்கொண்டு ஏழாம் அறைக்குப் போனேன்.

அலமாரி காலியாக இருந்தது. இரண்டு பைகள் கட்டி வாசலோரம் வைக்கப்பட்டிருந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூடிக்குள்ளிருந்து நீர் வழிந்து கன்னத்தில் காய்ந்திருந்தது.

"கடுதாசி அக்காவா? செருப்புச் சத்தம் சொல்லுது. எனக்காக எழுதினதா? படிங்க. வலப்பக்கம் வாங்க, அந்தக் காதுதான் இன்னும் வேலையில இருக்கு."

குனிந்து வலது காதருகே படித்தேன். பெயர், வயது, பழைய நோய். அந்த வாக்கியத்துக்கு வந்தபோது என் குரல் தானாகத் தாழ்ந்தது.

"கேக்கலை. கொஞ்சம் சத்தமா."

"நோயாளி அடிக்கடி கண்ணைக் கசக்கியதால்…" என்று சத்தமாகப் படித்தேன். நடைபாதை முழுவதும் கேட்டிருக்கும்.

அவர் இரண்டு கையையும் தூக்கி, விரல்களை விரித்து என் பக்கம் காட்டினார்.

"எண்ணெயும் பித்தளைத் தூளும் ஒட்டின கைம்மா இது. முப்பத்தெட்டு வருஷம் பூதக்கண்ணாடி வெச்ச கண்ணு அது. ஈ உட்கார்ந்தாக்கூட புறங்கையாலதான் ஓட்டுவேன். விரலைக் கண்ணுகிட்டக் கொண்டு போனா எங்க தொழில்ல சோறு இல்ல." கைகளை மடியில் வைத்தார். "காலையில அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே சொல்லிட்டா, என்ன ஆச்சுன்னு. எனக்கு இன்னும் ரெண்டு காலும் இருக்கு. உங்க எழுத்துக்குத்தான் ஒரு கால் போச்சு. அதுக்கு என் கையைக் குத்தம் சொல்றீங்களே."

நான் கரடை நான்காக மடித்தேன்.

"அக்கா," என்றார், இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பட்டப்பெயரை விட்டு வெறும் அக்கா என்று கூப்பிட்டு. "இந்த லெட்டரைப் படிக்கிற டாக்டருக்கு என்ன ஊத்தினீங்கன்னு தெரிஞ்சா, கண்ணு தப்புமா?"

"தெரியலை. அவருக்குத் தெரியலைன்னா தப்பாதுன்னு மட்டும் தெரியும்."

"அப்ப அதை எழுதுங்க."

மூன்று இருபத்தைந்துக்கு மீண்டும் மேசையில் உட்கார்ந்தேன். டாக்டர் கையெழுத்திட்ட தாளை எடுத்தேன். அது ஒன்றுதான் இருந்தது, அடித்துத் திருத்த இடமில்லை. முதல் வரியிலேயே எழுதினேன்: "இவருடைய இடது கண்ணில், அமிலம் கலந்த காது சொட்டு மருந்து, திங்கள் காலை முதல் புதன் மாலை வரை ஆறு வேளை தவறுதலாக விடப்பட்டுள்ளது." மருந்தின் பெயரைப் பாட்டிலைப் பார்த்து எழுத்து எழுத்தாக ஏற்றினேன். கழுவிய நேரம், சாயத்தில் தெரிந்த அளவு, கண் அழுத்த மருந்தின் பெயர். கண் என்ற சொல்லையும் காது என்ற சொல்லையும் ஓர் இடத்தில்கூடச் சுருக்கவில்லை.

ரயில் என் தோளுக்கு மேலே படித்தாள்.

"என் பேரு போடுறீங்களாக்கா?"

"ஆறுல ஒண்ணு நான் போட்டது. சீட்டு ஆறுக்கும் என்னோடது. அதை எழுதுறேன்."

"மிச்சம் அஞ்சு?"

"பணியிலிருந்த செவிலியர்னு போடுறேன். பேரைக் கேட்டா நீயே சொல்லு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேப்பாங்க" என்றாள்.

"கேப்பாங்க."

டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே என் முழுப் பெயரையும் பதவியையும் எழுதினேன். அந்தக் காது மருந்துப் பாட்டிலை, கால் இல்லாத சீட்டோடு, சிறிய பையில் போட்டுக் கடிதத்தோடு உறையில் வைத்தேன். இன்னும் ஒட்டவில்லை. நல்ல தாளில் ஏற்றியதையும் ஒருமுறை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று எண்ணினேன். அதற்குள் கீழே வண்டியின் சத்தம் கேட்டது.

வாசலில் டிரைவர் அண்ணன் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். மணிக்காரரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றினார்கள். வெளிச்சம் பட்டதும் அவர் முகம் சுருங்கியது. வாசல் முகப்பிலும் ஒரு பெரிய கடிகாரம் உண்டு. வாய் என்னைக் கேட்காமலே கேட்டுவிட்டது.

"மணி என்ன?"

அவர் தலையைத் தூக்கினார். கடிகாரம் இருந்த திசையை அல்ல, அதற்குக் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்தார். அங்கே வெறும் சுவர்.

"நீங்களே சொல்லுங்க" என்றார்.

"நாலாக ரெண்டு நிமிஷம்."

"அப்ப நாலு. உங்க கடிகாரம் எல்லாமே பின்தங்குது."

அப்போது மேட்ரன் படியிறங்கி வந்தார். என் கையில் இருந்த உறையைப் பார்த்தார். பாட்டில் வைத்திருந்ததால் நடுவில் புடைத்திருந்தது.

"என்ன உள்ள? குடு, ஒரு தடவை பார்த்துடறேன்."

கையை நீட்டினார். சுத்தமான கை, நகம் ஒட்ட வெட்டியது. அந்தக் கை என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட கை. ரயில் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சொன்னபடிதானே எழுதியிருக்க?"

"நடந்தபடி எழுதியிருக்கேன்மா."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான் உறையின் மடிப்பை நாக்கால் ஈரப்படுத்தினேன். பசை கசந்தது. மடித்து, வண்டியின் பக்கவாட்டில் வைத்து, ஓரம் ஓரமாகப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தேன். பெறுநர் முகவரியில் மை காய்ந்துவிட்டதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"நாளைக்கு எட்டு மணிக்கு என் ரூமுக்கு வா" என்றார் மேட்ரன், மிக மெதுவாக.

"வர்றேன்மா."

உறையை டிரைவர் அண்ணனிடம் கொடுத்தேன். "கருவிழிப் பிரிவு டாக்டர் கையில கொடுங்க. வேற யார்கிட்டயும் வேண்டாம்." அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு ஏறினார். வண்டி கிளம்பியது.